குதிக்கும் வாஷிங் மெஷின் உரையாடலை நீக்கியது குறித்து

வீட்டு இயந்திரங்கள் இணைய மன்றத்தின் மட்டுறுத்துநர் அவர்களுக்கு, ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக்கும், தங்கள் மன்றத்தில் 'மூக்குக்கண்ணாடி' என்ற பெயரில் எழுதுபவனுமாகிய நான் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் வீட்டாரும், வீட்டிலுள்ள சகல இயந்திரங்களும் நலமாக இருக்க விரும்புகிறேன்.

நான் நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. 'குதிக்கும் வாஷிங் மெஷின்' என்று நான் தொடங்கிய உரையாடலை இன்று காலை காணோம். இருந்த இடத்தில் 'நீக்கப்பட்டது' என்று ஒற்றை வார்த்தை. யார் நீக்கியது, எதற்கு, ஒரு விவரமும் கிடையாது. வாடகைக்கு இருப்பவனைக் காலி செய்யச் சொல்வதென்றாலும் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்வார்கள், தம்பி.

தலைப்பை விட்டு விலகினோம் என்பீர்கள். எங்கே விலகினோம்? மெஷின் சுற்றும்போது குளியலறையை விட்டு வெளியே நடந்து வருகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டேன். 'ஈரத்துணி' என்ற பெயரில் ஒருவர் பதில் போட்டார்: "முதல்ல சட்டைப் பையில இருக்கிற ஸ்க்ரூவை எல்லாம் வெளியே எடுங்க." என் பையில் ஸ்க்ரூ இருப்பது உலகத்தில் என் வீட்டுக்காரி ஒருத்திக்குத்தான் தெரியும். மகள் பிரசவத்துக்கென்று கடல் தாண்டிப் போனவள். பேரன் குப்புற விழுந்து, தவழ்ந்து, எழுந்தும் நின்றுவிட்டான், இவள் திரும்புகிற வழியைக் காணோம். போனில் பேசினால், "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, குழந்தை அழறான், வச்சிடட்டுமா", அதோடு சரி. மன்றத்திலோ பக்கம் பக்கமாக எழுதினாள். நானும் தெரியாதவன் மாதிரியே 'அம்மணி' என்று போட்டுப் பதில் எழுதினேன். துணியைக் குறைத்துப் போடுங்கள் என்பாள். ஒற்றை ஆள் துணியை இன்னும் எப்படிங்க குறைக்கிறது என்பேன். காலரைக் கையால் தேய்க்கணும், வெறும் பிஸ்கட்டைத் தின்னுட்டுப் படுக்கக் கூடாது என்பாள். இதில் எது தலைப்புக்கு வெளியே? வயிறு காய்கிறவன் மெஷினைத் தூக்கி நிறுத்த முடியுமா? நடுவில் நீங்களே வந்து, "இருவரும் தெரிந்தவர்களா?" என்று கேட்டீர்கள். "முன்பின் தெரியாதவர்" என்று எழுதிவிட்டாள் மகராசி. அன்றைக்கு முழுக்க நான் மன்றத்துப் பக்கமே தலைகாட்டவில்லை, அவ்வளவு கோபம்.

ஆகவே நியாயமாக ஒரு விதி வையுங்க தம்பி. எதையும் தூக்குறதுக்கு முன்னால எழுதினவங்களைக் கேளுங்க. காரணத்தைச் சொல்லுங்க. மறுத்துப் பேச அவகாசம் கொடுங்க. அப்படியும் எடுத்தே தீரணும்னா, நகலைக் கையில கொடுத்துட்டு எடுங்க. தினமும் காலையில் காபியோடு உட்கார்ந்து அவள் எழுதியதை முதலிலிருந்து படிப்பேன், எதிர் நாற்காலியில் இருந்து திட்டுகிற மாதிரியே கேட்கும். இன்றைக்கு அந்த நாற்காலியில் மடிக்காத துணிதான் கிடக்கிறது. அவள் இல்லாமல் எனக்கு முடியலை. போனில் இதைச் சொல்ல வாய் வராது, அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

தங்கள் விரலுக்கு நிதானமும், தங்கள் இல்லத்தாருக்கு நீண்ட ஆயுளும் அமையட்டும்.

இப்படிக்கு,
மூக்குக்கண்ணாடி

பின்குறிப்பு: அனுப்பப் போகும் நேரத்தில் அவளே கூப்பிட்டாள். நீக்கச் சொல்லி உங்களுக்கு எழுதியது அவள்தானாம். "நம்ம பொண்ணோட மாமியார் அதைத் தினமும் படிக்கிறாங்க. 'அந்த மூக்குக்கண்ணாடிக்காரர் பாவம், நல்ல இடமாப் பாத்து ஒரு கல்யாணம் பண்ணி வைக்கலாம்'னு எங்கிட்டயே சொல்றாங்க. இனிமே அங்க எழுதாதீங்க. டிக்கெட் போட்டாச்சு, ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்றாள். எனவே மேலே கேட்ட விதி எதுவும் வேண்டாம், நீக்கியது நீக்கியதாகவே இருக்கட்டும். போனை வைக்கும் முன், "மெஷின் இன்னும் குதிக்குதா?" என்று கேட்டாள். "குதிக்குது" என்றேன். அவள் முதல் பதில் வருவதற்கு முன்பே அதை நான் சரிசெய்து முடித்திருந்தேன். இப்போது ஸ்பேனரைத் தேட வேண்டும்; ஞாயிற்றுக்கிழமைக்குள் மெஷினின் கால் ஒன்றையாவது தளர்த்தி வைக்கணும்.