ஒத்தக்கண்ணு அண்ணாச்சி ஏலம் கேட்ட கைதிக் காசு

"...கதைக்கு எடை கிடையாதுவே! காசுக்குத்தான் எடை. 'எங்க தாத்தா காலத்துக் காசு'ன்னு எவனாச்சும் ஆரம்பிச்சாம்னா, காதைப் பொத்திக்கிட்டுக் காசை மட்டும் பாரும்" என்று சொல்லிக்கொண்டே என் சட்டைப் பொத்தானைத் திருப்பிப் பார்த்தார் ஒத்தக்கண்ணு அண்ணாச்சி. பொத்தான் அசல்தானாம்.

அந்தமான் தீவுகள் அத்தனையிலும் அவரளவுக்குச் சந்தேகப்பட்ட மனிதர் பிறக்கவில்லை. கப்பலில் வந்து இறங்கவும் இல்லை. போர்ட் பிளேரில் டாலிகஞ்ச் பகுதியில் கடிகாரம் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். இரண்டு கண்ணும் நன்றாகத்தான் இருந்தன. ஒன்றில் எப்போதும் லென்ஸ் செருகியிருந்ததால் அந்தப் பெயர். லென்ஸோடுதான் சாப்பிடுவார். பெண் பார்க்கப் போனபோதும் அதைக் கழற்றவில்லை என்று கேள்வி. கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லப் போன இடத்தில், பங்குச் சாமியாரின் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "சாமி, இது சுவிட்சர்லாந்து பக்கமே போனதில்ல" என்று சொல்லிவிட்டு, கேக்கையும் வாங்கிக்கொண்டு வந்தவர்.

பழங்காசு என்றால் அவருக்கு உயிர். மாற்றலாகிப் போகும் அதிகாரிகள் மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏறுமுன் வீட்டுச் சாமான்களை ஏலம் விடுவார்கள். கட்டில், பீரோ, நடுவே ஒரு டப்பாவில் பழங்காசு. அண்ணாச்சி முதல் ஆளாகப் போய் விளிம்புகளைத் தடவுவார்.

"அச்சுல அடிச்ச காசுக்கு விளிம்பு சுத்தமா இருக்கும். வார்ப்புல ஊத்துனதுக்குத் தையல் போட்ட மாதிரி ஒரு கோடு நிக்கும், அங்கங்க ஊசிக்குத்து மாதிரி குமிழி. அரத்தால ராவி மறைச்சிருப்பான், தேடணும். ஏலம் ஆரம்பிக்கு முன்னாலயே பாத்துரணும். கேக்க ஆரம்பிச்ச பொறவு கண்ணு தெரியாதுவே, ரோசந்தான் தெரியும்."

நகலி, அதாவது போலி, என்றால் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அவர் கை உயர்ந்தால் அது அஸ்லி, சுத்த அசல். போர்ட் பிளேரில் அதுவே சட்டமாக இருந்தது.

அந்த வருஷம் மாதா கோவில் திருவிழா ஏலத்தன்று யாருக்கும் சோறு இறங்கவில்லை. மீன் விற்கும் ரோசம்மாவின் மகன் அந்தோணி மாயாபந்தருக்குப் படகில் போனவன். புயல்காற்று அடித்து ஓய்ந்த பிறகும் தகவல் இல்லை. அவன் திரும்பி வரவேண்டுமென்று ரோசம்மா நேர்ந்துகொண்டு மாதாவுக்குக் கொடுத்தது, வீட்டிலிருந்த ஒரே பழம்பொருள்: நடுவில் துளையிட்ட செப்புக் காசு. வெள்ளைக்காரன் காலத்தில் கைதிகளுக்கென்றே அடித்த காசு என்று செத்துப்போன புருஷன் வாங்கிவந்தது.

மாதாவுக்கு வந்த காணிக்கையை யாரும் சோதிப்பதில்லை. சேவலோ தேங்காயோ, கும்பிட்டுவிட்டு ஏலம் கேட்பதுதான் வழக்கம். அண்ணாச்சிக்கும் அது தெரியும். அவர் கைக்குத்தான் தெரியவில்லை. மேசையிலிருந்த காசை எடுத்து லென்ஸுக்கு நேரே பிடித்துவிட்டார். கூட்டம் முழுக்க அவர் கையையே பார்த்தது.

என் காதருகே குனிந்தார். "வார்ப்புவே. துளைக்குள்ள தையல் நிக்கி."

எதிரில் ரோசம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன அண்ணாச்சி, அஸ்லிதானே? வாயத் தொறந்து சொல்லுங்க. நகலியக் குடுத்து மாதாவ ஏமாத்திட்டேனா? அதான் எம்மவன் வரலியா?"

காசு விஷயத்தில் அண்ணாச்சி பொய் சொல்லி நான் கேட்டதில்லை. சாமியாருக்கே சொல்லாதவர், இவளுக்கா சொல்வார்? அவர் காசை வேட்டியில் துடைத்து மேசையில் வைத்தார்.

"இத நான் ஏலம் கேக்கப் போறேன்மா. நான் நகலிய வாங்கி நீ பாத்திருக்கியா?"

அவள் முகம் தெளிந்தது. வினை என்னவென்றால், கூட்டம் முழுக்க முகம் தெளிந்துவிட்டது. பின்வரிசையிலிருந்த வங்காளி மரக் காண்டிராக்டர் எழுந்தார். "அரே, ஹம் பீ லேகா!"

அவரும் கேட்கப்போகிறார்! ஏலம் விட்ட உபதேசியாருக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணாச்சி ஏற்றினார், காண்டிராக்டர் அதற்கு மேலே ஏற்றினார். அண்ணாச்சியின் பனியன் நனைந்து முதுகோடு ஒட்டிவிட்டது.

"விட்டுருங்க அண்ணாச்சி, அந்தாளே எடுத்துட்டுப் போகட்டும்" என்றேன்.

"கூறுகெட்ட ஆளுவே நீரு! என் கையப் பாத்துல்லா அவரு கேக்காரு. என்னைய நம்பி ஒருத்தரு நகலி வாங்கவா? கல்கத்தாவுல யார்ட்டயாவது காட்டுனா, சேதி இந்தம்மா காதுக்கு வராதா?"

உபதேசியார் "ரெண்டு தரம்" என்று காண்டிராக்டர் பக்கம் கையை நீட்டிவிட்டார். அண்ணாச்சி பெஞ்சுமேல் ஏறினார்.

"என் கடைச் சுவர்க் கடிகாரமும் சேத்து!"

"பாகல் ஹை!" பைத்தியம் என்று தலையிலடித்துக்கொண்டு காண்டிராக்டர் உட்கார்ந்தார். மூன்றாம் தரமும் விழுந்தது.

வீட்டுக்கு எப்படிப் போய் முகத்தைக் காட்டப்போகிறாரோ என்று நான் பதறிக்கொண்டிருந்தேன். அவர் வீட்டுக்கே போகவில்லை. மழை பிடித்துக்கொண்டது. குடையை ரோசம்மாவின் தலைக்கு மேல் பிடித்தபடி படகுகள் வந்து நிற்கும் ஜெட்டிக்குக் கூட்டிப்போனார். மறுநாளும் கடை திறக்காமல், அந்தோணி உட்கார்ந்திருந்த படகை இன்னொரு படகு இழுத்துக்கொண்டு வருவது தெரிகிறவரை, நனைந்த வேட்டியோடு அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.