அந்த இத்தாலி பார்ட்டி

ரோமாபுரி,
ஞாயிற்றுக்கிழமை

என் பெருமதிப்பிற்குரிய மச்சான் ஞானசேகரன் அவர்களுக்கு,

பட்டாபிராம் வேதமுத்து, தற்சமயம் ரோமாபுரியில் மகன் யூஜின் வீட்டிலிருந்து கைகூப்பி எழுதிக்கொண்டது. நானும் உங்கள் தங்கை செலினும் மாதாவின் தயவால் உயிரோடு இருக்கிறோம். காட்டுப்பாக்கத்தில் தாங்களும் அக்காவும் சுகமென்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவீர்கள் என்பதால் எழுதி, இதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்படி யூஜினிடம் சொல்லியிருக்கிறேன். முழுதும் படித்துவிட்டுக் கத்தவும்.

விஷயம் இதுதான். நேற்று அக்கா செலினிடம், "உங்க அண்ணனுக்கு இத்தாலியிலேர்ந்து ஒரு பார்ட்டி போன் பண்ணிச்சு, திருமழிசை மனையை அதுக்குத்தான் குடுப்பாராம், ஆவடிக்காரரை வேணாம்னு அனுப்பப் போறாரு" என்றாராம். மச்சான், காலில் விழுகிறேன், ஆவடிக்காரரை விட்டுவிடாதீர்கள். அந்த மனை கைமாறினால்தான் நீங்கள் தொழிலை மூட்டைகட்டிவிட்டு வீட்டோடு இருப்பீர்கள் என்று அக்கா தினம் ஜெபமாலை சொல்கிறார். உங்களோடு பேசியது பார்ட்டியே இல்லை. போலீஸ்.

நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை யூஜின் எங்களைக் கோவில் பார்க்க அழைத்துப் போனான். வெயிலா அது! அம்பத்தூர் எஸ்டேட் சித்திரை வெயில் இதன் முன்னால் கைகட்டி நிற்கவேண்டும். முதல் கோவிலில் கூட்டம் தள்ளிய தள்ளலில் நான் ஒரு ஜப்பான் குடும்பத்தோடு போய்ச் சேர்ந்து, அவர்கள் குடும்பப் போட்டோவிலும் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். இரண்டாவது கோவிலில் பளிங்குத் தரை ஜில்லென்று இருக்கிறது என்று உட்கார்ந்த உங்கள் தங்கை, "நான் இங்கியே கீறேன், நீங்க போய்ட்டு வாங்க" என்று ஒரே அடம். அவளை எழுப்பி மூன்றாவதாக ஒரு பேராலயத்துக்குப் போனால், வரிசை மைதானத்தையே சுற்றிக்கொண்டு நிற்கிறது, நகரவும் இல்லை, நிழலும் இல்லை, அத்தனை பேரும் மண்டை காய வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள், ஒருவருக்காவது வரிசையில் பையை வைத்துவிட்டு ஓரமாக உட்காரத் தெரியவில்லை. யூஜின் தண்ணீர் வாங்கப் போயிருந்தான். நான் பையை வைத்தேன். எங்கள் ரேஷன் கடையில் பை நின்றால் ஆள் நின்ற மாதிரி, எவனாவது தாண்டுவானா? பின்னால் நின்ற வெள்ளைக்காரரிடம் "மை பிளேஸ்" என்று நியாயமாகச் சொல்லிவிட்டுத்தான் தூண் நிழலுக்குப் போனேன்.

கொஞ்ச நேரத்தில் விசில் சத்தம், ஜனங்கள் ஓடுகிறார்கள். கதவைத் திறந்துவிட்டான் என்று நினைத்து, "ஏ செலின், நம்ம பையைத் தாண்டிப் போறானுங்க பாரு, வா வா" என்று நானும் ஓடினேன். ஊரே இந்தப் பக்கம் ஓட நான் மட்டும் அந்தப் பக்கம் ஓடினேன் மச்சான். பையைத் தொடுவதற்குள் நாலு போலீஸ்காரர் என்னை அலாக்காகத் தூக்கிவிட்டார்கள். ஒரு நாய் வந்து பையை மோந்து பார்த்தது. உள்ளே தயிர்சாதமும் மோர்மிளகாயும். அது தும்மிய தும்மலில் இன்னும் இரண்டு வண்டி போலீஸ் வந்தது.

இதில் உங்கள் பங்கு எங்கே என்றால், அது ஜெபிஷா கல்யாணத்தில் நீங்கள் கொடுத்த பை. ஒரு பக்கம் பெண்ணும் மாப்பிள்ளையும், மறு பக்கம் உங்கள் முகமும், 'மனை வாங்க விற்க' என்று போன் நம்பரும். பெற்ற பெண் கல்யாணப் பையிலும் விளம்பரம் போட்ட தகப்பன் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். அதிகாரி அந்த நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "ஹலோ, இத்தாலி" என்பதற்குள் நீங்கள், "சொல்லுங்க சார்! இன்னா பாக்குறீங்க, மனையா ஊடா? திருமழிசை! ஃபுல் கிளியர் டைட்டில் சார்!" அவர் பொறுமையாக, "வேதமுத்து என்பவரைத் தெரியுமா?" என்று இங்கிலீஷில் கேட்டார். அதற்கு நீங்கள் சொன்னதை நான் காதாரக் கேட்டேன். "வேதமுத்துவா? அந்தாளு இன்னா சொன்னாலும் நம்பாதீங்க சார்! அவருக்குக் கமிஷன் கெடையாது, டீலிங் எல்லாம் நேரா என்னான்ட!"

இதைத்தான் நான், "ஹீ சேயிங் வேதமுத்து வெரி குட் மேன்" என்று அதிகாரிக்கு மொழிபெயர்த்தேன். வயிறு எரிந்தது மச்சான், இருந்தாலும் மொழிபெயர்த்தேன்.

அதற்குள் யூஜின் வந்து, பையில் இருந்த மனை விளம்பரம் வரை அழாத குறையாக விளக்கம் சொல்லி எங்களை மீட்டான். ஒன்று சொல்லவேண்டும். கூட்டம் மொத்தமும் கலைந்துவிட்டதால் மறுபடி கதவு திறந்தபோது வாசலில் நின்றது நாங்கள் மட்டும்தான். உங்கள் தங்கை முதல் ஆளாக உள்ளே போய் முழந்தாளிட்டு அழுதாள். வைத்த பை வீண்போகவில்லை.

ஆகையால் அந்த அதிகாரியை நம்பி ஆவடிக்காரரை விரட்டாதீர்கள். இன்றே அவருக்குப் போன் செய்து சரி என்று சொல்லிவிடுங்கள். அக்காவுக்கு என் வணக்கம், ஜெபிஷாவுக்கும் மாப்பிள்ளை நிர்மலுக்கும் எங்கள் ஆசீர்வாதம். சகல புனிதர்களும் உங்கள் கோபத்தைக் குறைத்துக் காப்பார்களாக.

இப்படிக்கு,
நம்பத்தகாத அந்தாள்,
வேதமுத்து

பின்குறிப்பு: மச்சான், மேலே எழுதியதை எல்லாம் அழித்துவிடுங்கள், ஆவடிக்காரரையும் அனுப்பிவிடுங்கள். இப்போதுதான் அந்த அதிகாரி யூஜினுக்குப் போன் செய்தார். அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகிறாராம். ஆயுசு முழுக்கக் கூட்டத்தை விரட்டியே அலுத்துவிட்டதாம், ஒரு ஈ காக்கா வராத இடத்தில் மனை வேண்டுமாம். வெளிநாட்டுக்காரர் வாங்க முடியாது, சட்டம் என்று யூஜின் ஏதோ உளறுகிறான், அவன் கிடக்கிறான். உங்கள் மனைப் பக்கம் சுற்றிப் பார்க்கக் கூட்டம் வருமா என்று அவர் கேட்டார். மனையை வாங்கவே இத்தனை நாளாக எவனும் வரவில்லை என்று மாதா மேல் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கிறேன்.