உயிரோடிருந்த வேட்பாளருக்கு நான் போட்ட மாலை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உயிரோடிருந்த ஏழு பேருக்கு நான் செத்தவீடு செய்திருக்கிறேன். ஒரே நாளில், ஒரே அறையில். (ஆட்கள் மேற்கு ஆபிரிக்க எதிர்க்கட்சி வேட்பாளர்கள். மாலைகள் என் மனிசி கட்டியவை. முட்டாள்தனம் மட்டும் முழுக்க என் சொந்தச் சரக்கு.)

சுவிஸின் பேர்ண் நகரில், பூம்ப்ளிஸ் பகுதியில் நாங்கள் இருக்கும் ஆறு மாடிக் கட்டடத்தைப் பராமரிப்பது என் வேலை. படிக்கட்டுக் கழுவுவேன், பனி வழிப்பேன், உடுப்புத் தோய்க்கும் அறையில் யாருடைய முறையை யார் பறித்தார் என்று வழக்குத் தீர்ப்பேன். அது பிழைப்பு. கௌரவம் வேறு. பேர்ணில் தமிழர் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் மண்டபம் ஒழுங்குபடுத்த என்னைத்தான் கூப்பிடுவார்கள். படம் எந்த உயரத்தில் நிற்க வேண்டும், விளக்கு எந்தப் பக்கம், மாலை எவ்வளவு தாழ்வாகத் தொங்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஒரு படம் கோணலாக நின்றால் என் கை சும்மா இராது.

இந்த நாட்டில் வீடு கட்டினால், போர் வந்தால் ஒளிய அடியில் பங்கரும் கட்டுவார்கள். எங்கள் கட்டடத்திலும் இருக்கிறது. ஒரு சாண் கனத்தில் கொங்கிறீற்றுக் கதவு, சுவரில் காற்றுக் குழாய், மூன்று நிமிடத்தில் தானாக அணையும் விளக்கு. ஊர் யுத்தத்தில் பங்கரை விட்டு ஓடி வந்தவன் நான். இவர்கள் என் கையில் கொடுத்தது ஒரு பங்கரின் சாவி.

ஒரு நாள் மூன்றாம் மாடி மரியாமா அந்தச் சாவியைக் கேட்டு வந்தார். முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர், கறாரான பெண், என்னை எப்போதும் 'ஹெர்', அதாவது திருவாளர் என்றே அழைப்பார். தன் நாட்டின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், எழுதவில்லை.

"ஹெர் சிவா, ஞாயிற்றுக்கிழமை எங்கள் நாட்டில் நாடாளுமன்றத் தேர்தல். எங்கள் எதிர்க்கட்சி ஆட்களுக்காகக் கீழே ஒரு நிகழ்வு. மூன்று மணிக்கு. சத்தம் வராது."

"தாராளமாக," என்றேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

எனக்குப் பிறகு தெரிந்ததை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய கட்சிப் பட்டியலில் முதல் பெயர் பஸ்கால். உயிருக்குப் பயந்து சுவிஸுக்குத் தப்பி வந்திருந்தார். அவர் இங்கே செத்துப்போனார் என்று ஊரில் யாரோ கதை கட்டிவிட்டார்கள். செத்தவனுக்கு எதற்கு வாக்கு என்று சனம் வரிசையை விட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதனால் வாக்கெடுப்பு முடியுமுன், மூன்று மணிக்கு, அவர் நேரலையில் தோன்றித் தான் உயிரோடிருப்பதைக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் திட்டம். அதற்கு முன் அந்த அறைக்குள் என்னைப் போன்ற ஒருவன் போகாமல் இருக்க வேண்டும்.

நான் போனேன்.

நவம்பர் ஞாயிறு. மூடுபனி யன்னலில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. எதிர்க் கட்டடம் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இந்த நாட்டில் குழந்தைகூட மெதுவாகத்தான் அழும். இரண்டரைக்கு, சூடாக்கும் கருவி வேலை செய்கிறதா என்று பார்க்க இறங்கினேன். பங்கர் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஆளில்லை; மரியாமா பஸ்காலைக் கூட்டிவரப் போயிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. விளக்கைப் போட்டேன்.

ஏழு கதிரைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய முகம், கறுப்பு வெள்ளையில். ஒவ்வொரு முகத்துக்கு முன்னும் ஒரு மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. நடுவில் இருந்தவர் அகன்ற நெற்றியோடு, தாடி வைத்த மனிதர். எங்கே நின்று பார்த்தாலும் என்னையே பார்த்தார்.

(எரியும் விளக்கு அந்தக் கட்சியின் சின்னம். கறுப்பு வெள்ளைக்குக் காரணம், நூலகத்து அச்சு இயந்திரத்தில் நிறம் முடிந்திருந்தது. மற்ற ஆறு பேரும் சிறையிலோ தலைமறைவாகவோ இருந்ததால் அவர்களுக்குப் பதிலாகப் படங்கள்; நடுப் படம், பஸ்கால் வந்து அமரும் வரை அவருக்கு இடம் பிடித்து வைத்தது. இதை யார் எனக்குச் சொன்னார்கள்?)

தேர்தல், எதிர்க்கட்சி, வரிசையாகப் படங்கள். எங்கள் ஊர்க் கணக்கில் இந்த மூன்றையும் கூட்டினால் விடை ஒன்றுதான். ஏழு பேரையும் முடித்துவிட்டார்கள். எதிரே முக்காலியில் ஒரு கைத்தொலைபேசி நின்றது. நேரலை. அதுவும் சரிதான், எங்கள் செத்தவீடுகளையும் ஊரில் இருப்பவர்கள் பார்க்க அப்படித்தான் விடுகிறோம். ஆனால் ஒரு மாலைகூட இல்லையே! பாவம், வந்த இடத்தில் பூவுக்கு எங்கே போவார்கள்?

பக்கத்து நிலவறையில் என் மனிசி வசந்தி அன்று பின்னேரக் கோயில் பூசைக்குக் கட்டிய செவ்வந்தி மாலைகள் குளிர்ச்சியில் தொங்கின. எண்ணினேன். ஏழு. கடவுளே கணக்குப் பார்த்து அனுப்பியதுபோல இருந்தது.

எடுத்து வந்து, விளக்கை மறுபடி தட்டிவிட்டு, படங்களை நேராக்கி மாலைகளைப் போட்டேன். நடுவில் இருந்தவருக்குப் பெரியது. மாலைகளோடு இருந்த கற்பூரமும் கொளுத்தினேன். கமெரா பார்க்கிறதே என்று கொஞ்சம் அழுதேன். பிறகு, சத்தியமாக, நிஜமாகவே அழுதேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு தேவாரம் தொடங்கினேன்.

இரண்டாவது அடியில் விளக்கு அணைந்தது.

மூன்று நிமிடம் முடிந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் மெழுகுதிரி வெளிச்சத்தில் ஏழு முகங்களும் ஒருமுறை அசைந்தன. கற்பூரப் புகை நடுப் படத்தின் வாயிலிருந்து வருவதுபோல எழும்பியது. அந்தப் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு முதிய பெண்ணின் குரல் வந்தது, மிக மெல்ல.

"பஸ்கால்... பஸ்கால்... எங்கே இருக்கிறாய்?"

பிரெஞ்சு. (முப்பது வருடம் பேர்ணில் இருந்தால் அவ்வளவு பிரெஞ்சு விளங்கிவிடும். விளங்காமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.) படத்துக்குப் பின்னால் ஒலிபெருக்கி வைத்திருந்ததும், ஊர்க் கட்சி அலுவலகத்தில் இருந்து பஸ்காலின் தாயார் இணைப்பில் வந்ததும் பிறகு அறிந்தது. அப்போது நான் அறிந்தது, தேவாரத்தின் மூன்றாவது அடி ஞாபகத்தில் இல்லை என்பது மட்டும்தான்.

பின்னால் காலடி கேட்டது. திரும்பினேன். வாசலில் மூடுபனி ஈரத்தோடு ஒரு மனிதர். கையை நீட்டிச் சுவரில் விளக்கின் ஆளியைத் தட்டினார். வெளிச்சம் வந்தது. அகன்ற நெற்றி. தாடி. நான் மாலை போட்ட அதே முகம், வாயிலிருந்து புகை விட்டபடி என்னைப் பார்த்து, "போன்ஜூர்" என்றது.

வீரர்கள் இந்த இடத்தில் என்ன செய்வார்களோ தெரியாது. நான் "ஐயோ அம்மா!" என்று கத்திக்கொண்டு பாய்ந்து, அந்தக் கொங்கிறீற்றுக் கதவை இழுத்துச் சாத்தி, உள்ளே இருந்த இரண்டு இரும்புப் பிடிகளையும் திருகினேன். அணுகுண்டுக்கென்று செய்த கதவு. நானும் ஆறு படங்களும் தப்பிவிட்டோம் என்று மூச்சு விட்டபோது, ஏழாவது எனக்குப் பின்னால் இருப்பது ஞாபகம் வந்தது.

விளக்கு மறுபடி அணைந்தது. ஆளி கதவுக்கு வெளியே.

வெளியிலிருந்து தட்டத் தொடங்கினார்கள். அந்தக் கனத்தைக் கடந்து சத்தம் வராது, ஒரு அதிர்வுதான் வரும். சவப்பெட்டிக்குள் இருந்து தட்டினால் அப்படித்தான் இருக்கும். தட்டல் நிற்கும். பிறகு தொடங்கும். படத்துக்குப் பின்னால் அந்தத் தாய் இப்போது விம்மி விம்மி அழுதாள். அவளுக்கு எங்கள் மாலையின் அர்த்தம் தெரிந்திருக்காது. ஆனால் மகனின் படத்துக்கு முன் புகையும், மண்டியிட்டுக் கதறும் ஒரு அந்நியனும் எந்த நாட்டிலும் ஒன்றைத்தான் சொல்லும். ஊரில் கட்டிவிட்ட வதந்தியை நான் ஒருவனே நேரலையில் உறுதிப்படுத்திக்கொண்டிருந்தேன். பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில். வரிசைகள் கலையத் தொடங்கின என்று பிறகு மரியாமா சொன்னார்.

நான் என்ன செய்தேன்? கதிரைக்கு அடியில் புகுந்தேன். (நாற்பத்தொன்பது வயது, தொண்ணூற்றிரண்டு கிலோ. பாதிதான் புகுந்தது.)

எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது. திடீரென்று சுவருக்குள்ளிருந்து, தலைக்கு மேலே, தமிழ் கேட்டது.

"இஞ்சருங்கோ! உள்ளுக்கை என்ன கூத்தடிக்கிறியள்?"

காற்றுக் குழாய். அதன் மறு வாய் உடுப்புத் தோய்க்கும் அறையில். மரியாமா ஓடிப்போய் வசந்தியைக் கூட்டி வந்திருக்கிறார்.

"வசந்தி! வெளியில நிக்கிறது ஆளில்லையப்பா! செத்த ஆள்! இப்பத்தான் மாலை போட்டனான்!"

குழாயில் குரல் தணிந்தது.

"எந்த மாலை?"

நான் கதிரைக்கு அடியில் இன்னும் கொஞ்சம் புகப் பார்த்தேன்.

"கோயில் மாலையோ?"

"ஏழு பேர் வசந்தி..."

"அந்த மனுசன் உயிரோட நிண்டு என்ரை கையைப் பிடிச்சுக் கும்பிடுது. தாய் அங்க அழுது சாகுதாம். இப்ப கதவைத் திறக்கிறியளோ, இல்லாட்டி நான் வந்து உங்கட படத்துக்குப் போடவோ?"

பேய்க்குப் பயந்து பூட்டிய கதவை மனிசிக்குப் பயந்து திறந்தேன்.

மணி மூன்று பதினெட்டு. பஸ்கால் உள்ளே வந்து மாலையோடு நின்ற தன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் முகத்திலும் பயம் இருந்ததைக் கண்டேன். ஊரில் வேறு கைகள் அவருக்கென்று தயாராக வைத்திருந்த மாலைதானே அது. பிறகு படத்திலிருந்து அதைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு கமெராவுக்கு முன்னால் அமர்ந்தார். மரியாமா என் காதுக்குள் மொழிபெயர்த்தார்.

"அம்மா, அழாதே. நான் செத்துவிட்டேன் என்றார்கள். சற்று முன் எனக்குச் செத்தவீடும் நடந்து முடிந்தது. நல்ல மரியாதையாகச் செய்தார்கள், அழுதவர் இதோ நிற்கிறார்." என்னை இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினார். முழங்காலெல்லாம் பங்கர்த் தூசி. "இவர் தொட்டுப் பார்க்கட்டும்."

தொட்டேன். சூடாக இருந்தார். ஒலிபெருக்கியில் அந்தத் தாய் சிரித்த சிரிப்பு அழுகையைவிடப் பயங்கரமாக இருந்தது.

"வரிசையை விட்டவர்கள் திரும்பிப் போங்கள்," என்றார் பஸ்கால். "இன்னும் நேரம் இருக்கிறது."

போயிருக்கிறார்கள். கட்சி தேர்தலில் தோற்றது. அவருடைய தொகுதியில் மட்டும் வென்றது. இரண்டு மாதம் யோசித்துவிட்டு, தன் ஆசனத்தில் அமர அவர் திரும்பிப் போனார். போகும்போது, ஒவ்வொரு ஞாயிறும் மூன்று மணிக்கு எனக்கொரு படம் அனுப்புவதாகச் சொன்னார். "என் சாவை உறுதிப்படுத்தியவர் நீங்கள். உயிரையும் நீங்களே உறுதிப்படுத்துங்கள்."

அன்று கோயிலுக்கு மாலை இல்லாமல் போனதற்கு வசந்தி ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. கதைக்கத் தொடங்கியபோது முதல் வேலையாக அந்தக் கதையை எல்லோருக்கும் கதைத்தாள். இப்போது பேர்ணில் யார் வீட்டுச் சாவுக்குப் போனாலும், "சிவா அண்ணை, ஆள் செத்தது உறுதிதானே? பாத்திட்டு மாலையைப் போடுங்கோ," என்கிறார்கள். நான் சோபாவில் அசையாமல் கிடந்தால் என் மகள் கடந்து போகிறபோது, "அப்பா, உயிரோடயோ? மாலை எடுக்கவோ?" என்று கேட்டுவிட்டுத்தான் போவாள்.

போன மாதம் ஒரு ஞாயிறு மூன்று மணிக்குப் படம் வரவில்லை. நாலுக்கும் வரவில்லை. வெளியே அதே மூடுபனி. யாரும் பகிடி விடவில்லை. மேசையில் செவ்வந்தி கட்டிக்கொண்டிருந்த வசந்தி நூலைக் கீழே வைத்தாள்.

"இண்டைக்குக் கை ஓடுதில்லை," என்றாள்.

ஐந்தரைக்குத் தொலைபேசி ஒளிர்ந்தது. அகன்ற நெற்றி, தாடி, பின்னால் தாயார். "மின்சாரம் இல்லை. வசந்தியிடம் சொல்லுங்கள், மாலை வேண்டாம்."

வாசித்துக் காட்டினேன். அவள் மூக்கை உறிஞ்சிவிட்டு நூலை எடுத்தாள்.

"மனுசன் நல்லாயிருக்கட்டும். பூவை இஞ்சாலை தள்ளுங்கோ, கோயிலுக்கு நேரம் போயிட்டுது. நீங்கள் ஒண்டிலையும் தொடாதேங்கோ."