யாருடைய தோல் என்று அதில் போடவில்லை

கம்பம்,
12.9.2009

பிரியமுள்ள மைத்துனன் ஜோஷ்வாவுக்கு அத்தான் செல்வமணி எழுதிக்கொள்வது. நம்மை இதுவரைக்கும் கைவிடாமல் நடத்தி வந்த கர்த்தர் இங்கிலாந்தில் அந்த லெஸ்டர் குளிரிலும் உங்களைக் காப்பாராக. இங்கே நானும் உன் அக்கா ஜான்சியும் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்றுதான் இந்த இடத்தில் எழுத வேண்டும், முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூட எழுத்தராக இருந்தவனுக்கு அந்த முறை தெரியாமல் இல்லை, ஆனால் இரண்டு கையிலும் களிம்பு தடவிக்கொண்டு பேனா பிடிக்கிறவன் எப்படி அதை எழுதுவது. உன் வீட்டில் தங்கச்சியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல். சாரல் விட்டுவிட்டது. போனில் பேசாமல் கடிதம் எழுதக் காரணம், போன் இருப்பது முன்னறையில், அதுதான் பியூட்டி பார்லர், உன் அக்கா பத்து நாளாகப் பார்லரைத் திறக்காமல் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறாள்.

விஷயம் நீ போன கிறிஸ்துமஸுக்குக் கொண்டுவந்த மெஷினைப் பற்றியது. தங்கச்சி வேலை பார்த்த பியூட்டி பார்லரை மூடிவிட்டார்கள், மெஷின் சும்மா கிடைத்தது, அக்காவுக்கு உதவும் என்று அன்பாகத்தான் தூக்கி வந்தாய், அதை நான் குறை சொல்லவில்லை. ஒரு மோட்டார், ஒரு குழாய், நுனியில் ஒரு துப்பாக்கி, கூடவே ஆறு பாட்டில் பழுப்புத் தண்ணீர். அதை அடித்துக்கொண்டால் வெள்ளைக்காரப் பெண்கள் கடற்கரையில் பத்து நாள் கிடந்த நிறத்துக்கு வந்துவிடுவார்கள் என்று தங்கச்சி விளக்கியபோது சபைப் பெண்கள் ஏழெட்டுப் பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "அப்ப இது கருப்பாக்குற மெஷினா?" என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம் என்றாள் தங்கச்சி. எல்லாரும் காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்துவிட்டார்கள். சித்திரை மாதம் கம்பம் பஸ் ஸ்டாண்டில் அரை நாள் நின்றால் சும்மா நடக்கிற வேலைக்கு மெஷின் வைத்திருக்கிறார்களே என்று எனக்கும் இருந்தது. நீங்கள் ஊருக்குப் போன மறுநாள் அது பரணுக்கு ஏறியது. அங்கேயே இருந்திருக்கலாம்.

ஆனால் தங்கச்சி மெஷினோடு நாலு பக்க இங்கிலீஷ் தாள் ஒன்றையும் விட்டுப் போனாள். அலர்ஜி வராமல் வருகிறவர்களைக் காப்பது எப்படி என்ற தாள். உன் அக்காவைத்தான் உனக்குத் தெரியுமே, எழுத்தில் ஒன்று இருந்துவிட்டால் அவளுக்கு அது வேதம். மெஷின் பரணில் கிடந்தாலும் தாளைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டாள். பிளீச்சோ, டையோ, எதற்கும் அந்தத் தாள்தான். முதலில் பன்னிரண்டு கேள்வி கேட்டு எழுதி வாங்க வேண்டும். கையெழுத்து நன்றாக இருக்கிறது, ரிடையர் ஆகிச் சும்மாவும் இருக்கிறீர்கள் என்று அந்த வேலையை என்னிடம் கொடுத்தாள். ஆறாவது கேள்வி கர்ப்பமாக இருக்கிறீர்களா என்பது. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கிற பெண்ணிடம், அவளுடைய அம்மா பக்கத்தில் நிற்கும்போது, நான் வரிசைப்படி கேட்டேன். அந்த அம்மா செருப்பைக் கழற்றவில்லை, கழற்றுகிற மாதிரி குனிந்தார்கள், அவ்வளவுதான்.

அடுத்தது, இருபத்துநாலு மணி நேரம் முன்னதாகத் தோலில் சிறிய இடத்தில் தடவிப் பார்க்க வேண்டும் என்று போட்டிருந்தது. யாருடைய தோல் என்று அதில் போடவில்லை. நம் ஊர்க் கல்யாணப் பெண் எவள் ஒரு நாள் முன்னால் வந்து கையை நீட்டுகிறாள், மண்டபத்துக்குப் போகிற வழியில் அல்லவா வந்து இறங்குகிறாள். உன் அக்கா வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். சும்மா இருக்கிற தோல் என்னுடையது ஒன்றுதான். ஜனவரியிலிருந்து என் இடது முழங்கை மடிப்பில் பூசாத சரக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் காணிக்கைப் பையை நீட்டும்போது ஜனங்கள் பையைப் பார்க்காமல் கையைப் பார்க்கிறார்கள். எனக்கு ஒன்றும் ஆனதில்லை. அதை அவள் பெருமையாக எல்லாரிடமும் சொல்வாள். "எங்க வீட்டுக்காரர் கையில தடவி ஒரு நாள் வச்சுப் பாத்துட்டுத்தான் உங்களுக்குப் போடுவேன், பயப்படாதீக" என்பாள். நாய்க்குட்டியை வளர்த்தால்கூட நோய் வராமல் இருக்க ஊசி போடக் கொண்டுபோவார்கள், என்னை நோய் வருகிறதா என்று பார்க்க வளர்த்திருக்கிறாள்.

ஆகஸ்ட் கடைசியில் கூடலூரிலிருந்து அன்னத்தாய் என்று ஒரு அம்மா வந்தார்கள். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் அனுப்புகிற வீடு, குமுளி வரைக்கும் செல்வாக்கு. கையில் நிச்சயதார்த்த ஆல்பம். மகன் விஜயகுமாரைப் பின்னால் நிறுத்திக்கொண்டு ஆல்பத்தைத் திறந்து வைத்தார்கள். பெண் கெங்குவார்பட்டி, பெயர் கயல், எலுமிச்சை நிறம். பையன் நல்ல கருப்பு. ஸ்டூடியோக்காரன் பெண்ணுக்கு வெளிச்சம் வைத்ததில் பையன் இருந்த இடத்தில் ஒரு சட்டையும் பல்லும்தான் தெரிந்தன. "பாத்தீகளா, எம் மகன் எங்கன இருக்கான்னு எங்க சொந்தக்காரகளே கேக்குறாக. கல்யாண ஆல்பத்துலயும் இப்படி வந்தா நான் தலைகாட்ட முடியுமா. உங்ககிட்ட ஆளக் கருப்பாக்குற மெஷினு இருக்குன்னு சொன்னாக. அந்தப் பிள்ளைய ரெண்டு சுத்துக் கொறச்சு விடுங்க" என்றார்கள். பையன் மெதுவாக, "போட்டோல தெரியாட்டி என்னம்மா, தாலி கட்டுறப்பத் தெரிவேன்ல" என்றான். அவனை யாரும் கேட்கவில்லை.

உன் அக்கா முதலில் மாட்டேன் என்றாள். பிறகு, இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு பெண் கருப்பாக வேண்டும் என்று இனி யாரும் வந்து கேட்கப்போவதில்லை, தம்பி அவ்வளவு தூரம் சுமந்து வந்தது வீணாகப் போகக்கூடாது என்று தோன்றியிருக்கிறது. அன்றைக்கே என் கையில் அடித்தாள். ஒரு நாள் வைத்தோம். அரிக்கவில்லை, தடிக்கவில்லை, என் நிறத்துக்கு அது ஏறியதா என்றுகூடத் தெரியவில்லை. தோத்திரம் என்று சொல்லிப் புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரச்சொன்னாள். வெள்ளிக்கிழமை முகூர்த்தம்.

பெண்ணை அழைத்து வந்தது அன்னத்தாயேதான். பெண் வீட்டு ஆட்களை உள்ளேயே விடவில்லை. பத்து மணிக்குக் கரண்ட் போய்விடும், அதற்குள் அடித்து முடிக்க வேண்டும் என்று உன் அக்கா ஒரு பக்கம் ஓடுகிறாள். நான் தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டேன். ஆஸ்துமா இல்லை, அலர்ஜி இல்லை, எல்லாவற்றுக்கும் இல்லை என்று எழுதியிருக்கிறது, என் கையெழுத்திலேயே பைலில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். உன் அக்கா பெண்ணின் உள்ளங்கையிலும் பாதத்திலும் வாஸ்லின் தடவினாள். கண்ணுக்கு மூடி போட்டாள். மூச்சில் போகாமல் இருக்க மூக்கில் வைக்கப் பஞ்சை எடுத்தாள் பார், அன்னத்தாய் எழுந்து நின்றுவிட்டார்கள். "கல்யாணப் பொண்ணு மூக்குல பஞ்சா. என்னம்மா, பாடையில ஏத்தவா கூட்டியாந்தேன்" என்றார்கள். உன் அக்கா தாளைக் காட்டினாள். அந்தத் தாளை எழுதினவர்கள் இந்த ஊரில் சாவு பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். கடைசியில் பஞ்சைத் திரும்ப டப்பாவில் போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்து, மூச்சைப் பிடித்துக்கொள் ஆத்தா என்று சொல்லி அடித்தாள். கரண்ட் போவதற்கு நாலு நிமிஷம் முன்பு முடிந்தது.

சாயங்காலம் நாலு மணிக்குப் போன் வந்தது. பெண் தங்கியிருந்த அவளுடைய சித்தி வீடு கம்பத்திலேயே இரண்டு தெரு தள்ளி. நாங்கள் ஓடிப் போய்ப் பார்த்தால் கழுத்திலிருந்து மணிக்கட்டு வரை பட்டை பட்டையாகத் தடித்து, கண் இரண்டும் வீங்கி, அந்தப் பிள்ளை சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தது. பயந்து போய் நடுவிலேயே தண்ணீரை ஊற்றிக் கழுவியதில் ஒரு கை இரண்டு சுற்று கருப்பு, இன்னொரு கை ஒன்றரைச் சுற்று. டாக்டரிடம் கூட்டிப் போய் ஊசி போட்டோம், மூச்சுக்கு ஒன்றும் இல்லை, ஒரு நாளில் அமுங்கிவிடும் என்றார். இதோடு போயிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். திரும்பி வருவதற்குள் அன்னத்தாய், தன் அண்ணன் தவசி என்கிறவரையும் கூட்டிக்கொண்டு நம் வாசலில் நிற்கிறார்கள். தவசி குமுளி பாதையில் ஜீப் ஓட்டுகிறவர், அவர் சொல்வதுதான் அந்த வீட்டில் தீர்ப்பு. பெண்ணின் அம்மா ராஜாத்தியும் வந்துவிட்டார்கள்.

அன்னத்தாய் சொன்னதைக் கேள். "இந்தா இருக்காரே, இவரு கையில அடிச்சு ஒரு நா வச்சுப் பாத்தோம்னு நீங்கதான சொன்னீக. இவருக்கு ஒண்ணும் ஆகல. அப்ப மருந்துல கோளாறு இல்ல. பொண்ணுக்குத்தான் தோல் வியாதி. மறச்சு எங்க தலையில கட்டப் பாத்திருக்காக." ராஜாத்தியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்கள். பத்திரிகை கொடுத்து, சமையலுக்குச் சொல்லி, நாளை மறுநாள் முகூர்த்தம். தோல் வியாதி என்று ஒரு தரம் வாயில் வந்துவிட்டால் அந்தப் பெண்ணுக்கு மட்டுமா, அவளுக்குப் பின்னால் இருக்கிற தங்கைக்கும் யார் வருவார்கள். எட்டு மாதமாக என் கையைக் காட்டி ஊருக்கே தைரியம் சொன்னாள் உன் அக்கா, அந்தக் கையே இப்போது பெண்ணுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நான்தான் சொன்னேன், இன்னொரு தரம் அடித்துப் பார்ப்போம், இந்த முறை இரண்டு கையிலும் அடியுங்கள், எல்லாரும் பார்க்கட்டும் என்று. தவசி சரி என்றார். உன் அக்கா அடித்தாள். ஈரம் காயட்டும் என்று பின்பக்கம் காற்றாடப் போய் நின்றுவிட்டு வந்தேன். கால் மணி நேரத்தில் தம்பி, இரண்டு கையும் முழங்கை வரைக்கும் சிவந்து கொப்புளமாகக் கிளம்பிவிட்டது. எரிச்சலில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தவசி கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏத்தா, மருந்துதான். பெரியவருக்கே இப்படிப் போட்டு வாங்குதே, பச்சப் பிள்ள தாங்குமா. வெயிலுக்குப் பாட்டில் கெட்டிருக்கும். வா, மண்டப வேலையப் பாரு" என்றார். அன்னத்தாய் ராஜாத்தியம்மாவின் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிப் போனார்கள். வெள்ளிக்கிழமை கல்யாணம் நடந்தது. தடிப்பு அமுங்கிவிட்டது, நிறம் மட்டும் நின்றது, ஆல்பத்தில் பையன் தெளிவாகத் தெரிகிறானாம்.

கல்யாணம் பிழைத்தது, உன் அக்காதான் பிழைக்கவில்லை. அன்றையிலிருந்து பார்லரைத் திறக்கவில்லை. கெட்டுப்போன மருந்தைக் கல்யாணப் பெண் மேல் அடித்துவிட்டேன், என் கையை நம்பி இனி யார் முகத்தை நீட்டுவார்கள் என்று அதையே சொல்கிறாள். ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்று என் கையைக் காட்டி, ஒரு குடும்பத்தையும் தன் புருஷனையும் தான் கெடுக்கப் பார்த்ததாகச் சாட்சி சொல்லி அழுதாள். பதினாறு வருடமாக ஒரு முகத்தில் ஒரு பரு வராமல் தொழில் செய்தவள். எனக்கு இந்த வயதில் இதைப் பார்க்கத் தெம்பு இல்லை. ஆகவே நீ மெஷினையும் மிச்சப் பாட்டிலையும் திரும்ப எடுத்துக்கொள்ள வழி செய். அந்தக் கம்பெனிக்குக் கடுமையாக ஒரு கடிதம் எழுது, கெட்ட சரக்கு என்று அவர்களையே எழுதித் தரச் சொல். அதை அக்காவுக்குப் படித்துக் காட்டினால் ஒருவேளை மனம் தேறுவாள். அவளோடு பேசும்போது நான் எழுதினதாகக் காட்டிக்கொள்ளாதே.

பிள்ளைகளைக் குளிரில் காதை மூடிக்கொண்டு போகச் சொல். நீங்கள் போகும்போதும் வரும்போதும் கர்த்தர் கூட இருப்பாராக.

இப்படிக்கு,
உன் அத்தான்,
செ. செல்வமணி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போனவன் திரும்பப் பிரித்திருக்கிறேன். கம்பெனிக்கு எழுதாதே தம்பி. சரக்கில் கோளாறு இல்லை. இரண்டாவது தடவையும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்பக்கம் வேலியில், பட்டாலே அரித்துக் கொப்புளம் கிளப்புகிற செந்தட்டிச் செடி நிற்கிறது, அதைப் பிடுங்கி இரண்டு கையிலும் தேய்த்துக்கொண்டுதான் உள்ளே வந்தேன். அதற்குக் காரணம் இருக்கிறது. அன்று காலை நான் கேள்வி கேட்கும்போது அன்னத்தாய் போன் பேச வாசலுக்குப் போனார்கள். அந்தப் பிள்ளை என் பக்கம் குனிந்து, "சார், எனக்கு சென்ட் பட்டாலே தடிச்சுப்போகும். அத்தைக்குத் தெரிய வேணாம், அக்காகிட்ட மட்டும் சொல்லிருங்க" என்றது. சரிம்மா என்றேன். அன்னத்தாய் திரும்பி வந்து தாளை எட்டிப் பார்த்தார்கள், பார்க்கிறார்களே என்று அலர்ஜிக் கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினேன். பிறகு உன் அக்காவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். கரண்ட் போய்விடும், வயரை எடுங்கள், ஜன்னலைத் திறங்கள் என்று அவள் கத்திய கத்தலில் மறந்துவிட்டேன். கல்யாணத்துக்குப் போயிருந்தபோது அந்தப் பிள்ளை என் கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டு, "அக்காகிட்டச் சொன்னீகளா சார்" என்று கேட்டது. சொன்னேன் என்று சொல்லிவிட்டேன். அது இப்போது உன் அக்கா தெரிந்தே அடித்தாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.