இரண்டு இடது இறக்கைகள்

டெய்லர் மாஸ்டர் இரண்டாவது இறக்கையை விமானத்தின் உடம்போடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். முன்னால் வர வேண்டிய தடித்த விளிம்பு வாலைப் பார்த்து நின்றது. சரி, கவிழ்த்துப் பார்ப்போம் என்று கவிழ்த்தார். விளிம்பு முன்னால் வந்தது. ஆனால் மேலே வளைந்திருக்க வேண்டிய பக்கம் கீழே தொப்பை போட்டது. மறுபடி திருப்பினார். மறுபடி வால் பக்கம்.

நாலு தடவை திருப்பின பிறகுதான் உறைத்தது. அவர் செய்து வைத்திருந்தது இரண்டுமே இடது இறக்கை.

காது மடல் சுட்டது. அறையில் வேறு யாரும் இல்லை. இருந்தும் எழுந்து போய்க் கதவைத் தாழ் போட்டார்.

இதே தப்புக்காகத்தான் மூன்று மாதத்துக்கு முன்னால் தன் கடைக் கட்டரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். பத்து வருஷம் கூடவே நின்று துணி வெட்டிய ஆள். ஒரு கோட்டுக்கு இரண்டு கையும் இடது கையாக வெட்டி அடுக்கில் கிடந்தது. மூன்று கஸ்டமர்கள் உட்கார்ந்திருக்கும்போதே, "உங்க வீட்டுல எல்லாருக்கும் ரெண்டும் இடது கைதானா?" என்று மாஸ்டர் கேட்டார். கஸ்டமர்கள் சிரித்தார்கள். கட்டர் கத்தரியை மேஜைமேல் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்தபடி இறங்கிப் போனார். அந்த ஜோக்கை மாஸ்டர் அதற்கப்புறம் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையிடமே இரண்டு தடவை சொல்லியிருக்கிறார்.

இந்த விமானப் பெட்டியைப் பரிசாகக் கொடுத்ததும் அந்த மாப்பிள்ளைதான். காகிதத்தைவிடக் கொஞ்சமே கனமான பால்சா மரத்துண்டுகளை ஒட்டி, மோட்டார் வைத்து, ரிமோட்டில் பறக்க விட வேண்டும். "வெட்டுறது, ஒட்டுறதுதானே மாப்பிள்ளை, என் தொழிலே அதுதான்" என்று வாங்கி வைத்துக்கொண்டார். கூட வந்த பெரிய படத்தாளின் மேலேயே துண்டுகளை வைத்து ஒட்டினார், புத்தகத்தைப் பிரிக்கவில்லை. அளவு நோட்டைத் தவிர வேறு எதையும் அவர் படித்ததில்லை.

போன் அடித்தது.

"மாமா, ஞாயித்துக்கிழமை அப்பா அம்மா எல்லாரும் மைதானத்துக்கு வராங்க. றெக்கை முடிஞ்சுதா?"

"ரெண்டும் முடிஞ்சுது மாப்பிள்ளை."

அது பொய்கூட இல்லை. அதுதான் வேதனை.

வெளியிலிருந்து மனைவி கதவைத் தட்டினாள். "உள்ள என்னங்க பண்றீங்க?"

"பசை காயுது."

"பசை காயறதுக்கு எதுக்குத் தாழ்ப்பாள்?"

மாஸ்டர் பிளேடை எடுத்து, ஒட்டிய துண்டுகளைப் பிரித்து மாற்றி ஒட்டிவிடலாம் என்று இறங்கினார். பசை பிரியவில்லை, மரம்தான் பிரிந்தது. ஒன்பது குறுக்குச் சட்டங்களில் ஆறு பொடிந்தன. போதாததற்குப் பசை வழிந்து, வலது கையின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வட்டமாக ஒட்டிக்கொண்டன.

மறுநாள் அந்தக் கையோடுதான் கடையில் நின்றார். வந்தவர்களெல்லாம் தங்கள் துணியைத்தான் பிரமாதம் என்கிறார் என்று சந்தோஷப்பட்டார்கள். மத்தியானம் வெந்நீரில் ஊறவைத்துத் தோலோடு பிரித்த பிறகு, விமானச் சாமான் விற்கும் கடைக்குப் போனார்.

"என் ஃபிரெண்டு ஒருத்தர். ரெண்டு றெக்கையும் இடதாவே செஞ்சுட்டாரு."

"அப்படி ஒரு ஃபிரெண்டு எல்லாருக்கும் இருக்காரு சார்" என்றார் கடைக்காரர், பால்சா பலகைகளைச் சுற்றிக்கொண்டே. "படத்துல இடது மட்டும்தான் போட்டிருப்பான். பேப்பர்ல எண்ணெய் தடவினா கோடு பின்னாடி தெரியும். திருப்பிப் போட்டு, அது மேல வலதைச் செய்யச் சொல்லுங்க. புத்தகத்துல ரெண்டாம் பக்கமே இருக்கே."

மாஸ்டர் குனிந்த தலையோடு வெளியே வந்தார். வீட்டில் செய்தால் மனைவி பார்ப்பாள். அதனால் வெள்ளிக்கிழமை காலை சீக்கிரமே போய் டெய்லர் கடையைத் திறந்து, வெட்டும் மேஜையில் படத்தை விரித்து, தையல் மெஷின் எண்ணெயைத் தாராளமாகத் தடவினார். கோடுகள் அழகாகப் பின்பக்கம் தெரிந்தன. படத்துக்குக் கீழே என்ன இருந்தது என்பது, படத்தைத் தூக்கிய பிறகுதான் தெரிந்தது. பாங்க் மேனேஜரின் கோட்டுத் துணி. கஸ்டமரே கொண்டுவந்து கொடுத்தது, சனிக்கிழமை சாயங்காலம் டெலிவரி. நட்டநடுவில் ஒரு தட்டு அகலத்துக்கு எண்ணெய்.

துணிக்கடைக்கு ஓடினார். அதே நிறம், அதே நெசவு, கடைசித் துண்டு ஒன்று இருந்தது, கால் மீட்டர் குறைவாக.

எப்போதும் துணியை இரண்டாக மடித்துத்தான் கை வெட்டுவார்கள். இடது ஒன்று, வலது ஒன்று தானாக விழும். துணி போதாததால் மாஸ்டர் ஒற்றையாக விரித்து, ஒரு கையை வெட்டிவிட்டு, கை மாதிரிக்கான அதே அட்டையை வைத்து அடுத்த கையையும் வெட்டினார். அட்டையைத் திருப்பி வைக்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்தபோது கத்தரியைக் கீழே வைத்திருந்தார்.

இரண்டும் இடது.

மேஜைமேல் இரண்டு இடது கைகள், பக்கத்தில் ஒன்றரை இடது இறக்கை. மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். உங்க வீட்டுல எல்லாருக்கும் ரெண்டும் இடது கைதானா என்று தான் கேட்டது தன் குரலிலேயே காதில் விழுந்தது. வெட்கமாக இருந்தது. பத்து வருஷ ஆளை ஒரு நொடியில் துரத்தினோமே, அந்த மனுஷன் என்ன பண்ணுகிறானோ என்று ஒரு நாளாவது விசாரித்தோமா என்று நினைக்க நினைக்க உடம்பே கூசியது.

வெட்டுத் துண்டுகளை வைத்து, ஒட்டுத் தெரியாமல் ஒரு வலது கை எடுக்கக்கூடியவன் ஒரே ஒருத்தன்தான். ஆனால் அதைச் சாக்காக வைத்துப் போனால் அதைவிடக் கேவலம் கிடையாது. முதலில் மன்னிப்பு, அவன் சரி என்றால் வேலை, அப்புறம்தான் கோட்டு என்று தனக்குள் வரிசை போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை காலை கட்டரின் வீட்டுக் கதவைத் தட்டும்போது ஒரு கக்கத்தில் துணி மூட்டை, இன்னொன்றில் விமானம். கட்டர் ஜன்னல் ஓரத்து மெஷினில் யாருடைய தலையணை உறைகளையோ தைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கைக்குத் தலையணை உறை.

"வாங்க மாஸ்டர். உக்காருங்க."

"நின்னுக்கிட்டே சொல்லிடுறேன்பா. உக்காந்தா வராது." ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினார். றெக்கை, பசை, எண்ணெய், கோட்டு, எதையும் விடவில்லை. "அன்னைக்கு உன்ன அத்தனை பேர் முன்னாடி அவமானப்படுத்தினேன். நீ செஞ்ச அதே தப்பை நான் ஒரு வாரத்துல ரெண்டு தடவை செஞ்சிருக்கேன். தப்பு எல்லாருக்கும் வரும்னு இப்பத்தான் புத்தி வந்துது. மன்னிச்சுடு. மனசிருந்தா கடைக்கு வா."

கட்டர் விமானத்தை வாங்கி, உடைந்த சட்டங்களை விரலால் தடவிப் பார்த்தார். மூட்டையைப் பிரித்து, வெட்டுத் துண்டுகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நூலோட்டம் பார்த்தார்.

"எடுத்துடலாம் மாஸ்டர். ரெண்டையும் எடுத்துடலாம். முதல்ல கோட்டு."

மாஸ்டருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. உட்கார்ந்தார். மனசு லேசானதில் கொஞ்சம் பெருந்தன்மைகூட வந்துவிட்டது.

"ஆனா ஒண்ணு கேக்கணும்பா. நான் அவ்வளவு பேசினேன். ஏதோ கவனப்பிசகு, தெரியாம வெட்டிட்டேன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் விட்டிருப்பேனே. ஏன் வாயே தொறக்கல?"

"விடுங்க மாஸ்டர். பழைய கதை."

உள்ளே மூன்று மாதக் கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த கட்டரின் மனைவி வாசல்படிக்கு வந்து நின்றாள்.

"அவரு எப்படிங்க சொல்லுவாரு? அந்தக் கோட்டு வெட்டின ரெண்டு நாளும் அவரு இந்தப் பாப்பா பிரசவத்துக்கு என் கூட ஆஸ்பத்திரியில இருந்தாரு. வெட்டினது நீங்கதான்னு கஸ்டமருங்க முன்னாடி சொன்னா உங்களுக்கு அவமானமா இருக்குமேன்னுதான் பேசாம வந்துட்டாரு."