ஏலக்காய் ஸ்டோரில் உலர்த்திய கல்யாணப் பெண்

போடிநாயக்கனூர்,
கார்த்திகை 3, 1988.

தேவாரம் மச்சான் மொக்கச்சாமி அவர்களின் சமூகத்துக்குப் போடி சீனிச்சாமி பணிவோடு எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உங்கள் தங்கை குருவம்மாளும் உடம்புக்குச் சுகம். மகள் பொன்னுமணி உடம்புக்குத் தேவைக்கு மேலேயே சுகம், அதனால்தான் இந்தக் கடிதமே எழுத வேண்டி வந்தது. அவ்விடம் தாங்களும் தங்கள் துணைவியார் தங்கச்சி ஆயம்மாளும் தங்கள் மகன் மாப்பிள்ளை கன்னையனும் சுகம்தானா? தென்னந்தோப்பில் யானை இறங்கியதாகக் கேள்விப்பட்டு வருத்தப்பட்டோம். எத்தனை மரம் போனது என்று விசாரிக்க நானே நேரில் வந்திருக்க வேண்டும். காலையில் பஸ் ஏறினால் காப்பி நேரத்துக்குத் தேவாரம் வந்துவிடலாம்தான். ஆனால் தங்கச்சி எதிரில் வந்து உட்கார எனக்கு முகமில்லாததால் தபாலில் வருகிறேன்.

போன வாரம் பேப்பரில் வந்த போட்டோவைத் தாங்கள் பார்த்துவிட்டதாகவும், தங்கச்சி அதைப் பார்த்த மாத்திரத்தில் புடைத்துக்கொண்டிருந்த முறத்தை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனவர் அன்றிலிருந்து யாரோடும் பேசுவதில்லை என்றும் தேவாரம் பஸ் கண்டக்டர் என் கடை வாசலில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி என் காதில் ரகசியமாகச் சொன்னார். தையில் நம் பிள்ளைகள் கல்யாணம். தாம்பூலம் மாற்றியாகிவிட்டது, மண்டபம் பேசியாகிவிட்டது. இந்த நேரத்தில் ஒரு போட்டோவை வைத்துச் சம்பந்தத்தை முறித்துவிடாதீர்கள் மச்சான். போட்டோவில் இருப்பது பொன்னுமணிதான், இல்லை என்று சொல்லவில்லை. உடுப்பு குறைச்சல்தான், அதையும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நடந்ததை முழுசாகக் கேட்டால் எங்கள் பேரில் தப்பு எவ்வளவு கம்மி என்பது தங்களுக்கே விளங்கிவிடும்.

பொன்னுமணி இங்கே பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சர் என்பது தங்களுக்குத் தெரியும். ஓடுவதும் குதிப்பதும் சம்பளத்துக்குத்தானே என்று நாங்கள் விட்டுவிட்டோம். போன வருஷத்திலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் நேரே நம் ஏலக்காய்க் குடோனுக்கு வந்துவிடுவாள். மூட்டையைத் தூக்குவாள், இறக்குவாள், மறுபடி தூக்கி அதே இடத்தில் வைப்பாள். தராசுப் படிக்கல்லைக் கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு மடக்கி நீட்டுவாள். ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் இந்தப் பிள்ளைக்காவது வியாபாரத்தில் பற்று வந்ததே என்று நான் பூரித்துப்போய், வருகிற போகிற வியாபாரிகளிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் சாப்பாட்டில் உப்பு வேண்டாம் என்றாள், இன்னொரு நாள் எண்ணெய் வேண்டாம் என்றாள், அப்புறம் சோறே வேண்டாம் என்று முட்டையை அவித்து வெள்ளையை மட்டும் தின்றுவிட்டு மஞ்சளை ஒதுக்கிவைத்தாள். பொருள் வீணாகக் கூடாது என்று அந்த மஞ்சளையெல்லாம் நானே தின்றதில் எனக்கு வேட்டி இடுப்பில் நிற்காமல் போய்விட்டது. காதல் கீதல் ஏதும் இருக்குமோ என்று பயந்து உங்கள் தங்கை அழுதபடி கேட்டபோதுதான், மதுரையில் பெண்களுக்கு ஆணழகன் போட்டி வைத்திருக்கிறார்கள், அதற்குப் பேர் கொடுத்திருக்கிறேன் என்று சொன்னாள். ஆணழகன் போட்டியில் பொம்பளைப் பிள்ளைக்கு என்ன சோலி என்று நான் கேட்டேன். "எங்களுக்குத் தனியாப் பேரு இன்னும் வைக்கலப்பா, போட்டிதான் வச்சிருக்காக" என்றாள்.

விதிமுறை என்று ஒரு தாள் வந்திருந்தது. இங்கிலீஷில் இருந்ததை அவள் தமிழில் சொல்லச் சொல்ல நாங்கள் ஆளுக்கொரு தூணைப் பிடித்துக்கொண்டோம். ஒரே நிறத்தில் இரண்டே துண்டு உடுப்பு. முதுகும் வயிறும் தொடையும் நடுவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மினுமினுக்கக் கூடாது, ஜரிகை கூடாது. மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்ட குருவம்மாளுக்கு ஜரிகை கூடாது என்ற இடத்தில்தான் கோபம் வந்தது. நம் வீட்டு ரவிக்கையெல்லாம் தைக்கிற பால்சாமியிடம் துணியைக் கொண்டுபோனோம். "கை எம்புட்டு வைக்க?" என்று கேட்டார். "கை வேண்டாம்ணே" என்றாள் பொன்னுமணி. "கழுத்து?" "கழுத்தும் வேண்டாம்ணே." அவர் டேப்பைச் சுருட்டி மேசையில் வைத்துவிட்டு, "அப்ப எதைத்தான் ஆத்தா தைக்கச் சொல்ற?" என்றார். கொடுத்த துணியில் முக்கால்வாசி திரும்பி வந்துவிட்டது. உங்கள் தங்கை அதில் தலையணை உறை தைத்து வைத்திருக்கிறாள், கல்யாணச் சீரோடு வரும்.

அடுத்த விதி, உடம்பு கறுத்திருக்க வேண்டும். வெளுத்த தோலில் விளக்கு வெளிச்சம் பட்டால் தசையின் மடிப்பு தெரியாதாம். பிறந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளைக்குக் கடலைமாவும் மஞ்சளும் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்தவள் உங்கள் தங்கை. "கறுப்பா இருந்தா மார்க்கா? இந்தச் சட்டத்த என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பப் போட்டிருக்கக் கூடாதா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள், நான் போட்ட சட்டம் மாதிரி. சிலமலைக் களத்தில் உச்சி வெயிலில் பொன்னுமணி முன்பக்கம் கொஞ்ச நேரம், பின்பக்கம் கொஞ்ச நேரம் என்று காய்ந்தாள். வழியில் போன உக்கிரபாண்டி என்பவர் வண்டியை நிறுத்தி, "பொம்பளப் புள்ள என்ன தப்புப் பண்ணியிருந்தாலும் இப்படி வெயில்ல நிக்க வைக்கலாமாய்யா?" என்று என்னை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டுவிட்டுப் போனார்.

இனிமேல் சொல்லப்போவதில்தான் என் பங்கு கொஞ்சம் இருக்கிறது. போட்டிக்கு முந்தின நாள் தோலுக்கடியில் தண்ணீர் நிற்கக் கூடாதாம், நின்றால் தசை கலங்கலாகத் தெரியுமாம். மற்ற பிள்ளைகள் தண்ணீரைக் குறைத்துக்கொண்டு சும்மா இருப்பார்களாம். ஏலக்காய் வியாபாரி மகள் எதற்காகச் சும்மா இருக்க வேண்டும்? "தண்ணி எடுக்குற சோலிதான? அத எங்கிட்ட விடு" என்று சொல்லி, ஜீப்பில் ஏற்றிப் போடிமெட்டுக்கு மேலே நம் ஸ்டோருக்குக் கொண்டுபோய்விட்டேன். தாங்கள் தென்னைக்காரர் என்பதால் சொல்கிறேன், ஸ்டோர் என்றால் கடை இல்லை. பச்சைக் காயைத் தட்டுத் தட்டாகப் பரப்பி, அடுப்பை மூட்டிக் குழாய் வழியாகச் சூடு விட்டு உலர்த்துகிற அறை. ஸ்டோரைப் பார்க்கிற ராக்கையா, காய் உலர்த்துவதில் தலைமுறை கண்டவர். தட்டுகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டுப் பொன்னுமணியை உட்கார வைத்து, முதலில் இளஞ்சூடு, பிறகு ஜன்னலைத் திறந்து ஆவியை வெளியே விடுவது, மறுபடி மூடுவது என்று காய்க்கு என்ன முறையோ அதையே பிள்ளைக்கும் செய்தார். அவளும் கதகதவென்று இருக்கிறது என்று சொல்லி வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ராக்கையா வெளியே ஓடிவந்து, "அய்யா, பதம் வந்திருச்சு, வெரசா எறக்குங்க. இன்னம் விட்டா நெறம் போயிரும்" என்றார். இறக்கி, மூட்டைகளுக்கு நடுவே உட்கார வைத்து, கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றி மதுரைக்குக் கொண்டுபோனோம். பிறந்ததிலிருந்து எங்கள் மூக்கில் இருக்கிற வாசம் என்பதால், அவள் மேல் எப்பேர்ப்பட்ட வாசம் ஏறியிருக்கிறது என்பது எங்களுக்கு உறைக்கவே இல்லை.

போட்டி நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். அங்கே வந்திருந்த பிள்ளைகள் எல்லாம் மாதக் கணக்கில் உப்பில்லாமல், சர்க்கரையில்லாமல், அவித்ததைத் தின்று கண் உள்ளே போய்க் கிடந்தவர்கள். அந்த அறைக்குள் பொன்னுமணி போய் நின்றதும் மண்டபம் முழுக்கப் பாயச வாசம். இடமும் கல்யாண மண்டபமா, பின்கட்டில் பந்தி தயாராகிறது என்றே எல்லோரும் நினைத்துவிட்டார்கள். கோட்டயத்திலிருந்து வந்த பிள்ளை, "எண்டம்மே, பாயசமோ?" என்று சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. கோயம்புத்தூர்ப் பிள்ளை அடுப்படியைத் தேடிப் போனது. இன்னொன்று வாய்விட்டு அழுதது. இடைவேளையில் பாதிப் பேர் எதிர்த்த மிட்டாய்க் கடைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். ஒட்டி இருந்த வயிறு உப்பி, நம்பர் அட்டையில் ஜாங்கிரிப் பாகு ஒட்டியிருந்தது.

இதற்கு நடுவில் நகை விதி. காதில் கழுத்தில் ஒன்றும் இருக்கக் கூடாது என்றார்கள். தங்கச்சி நிச்சயத்தன்று தன் கையால் போட்ட சங்கிலியைக் கழற்றுவதாவது! "சங்கிலி புள்ள கழுத்துல இல்லாட்டி, புள்ள பக்கத்துலயாவது இருக்கணும்" என்று சொல்லி, உங்கள் தங்கை அதைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, சுங்குடிச் சேலையோடு மேடையேறி மகள் பக்கத்தில் நின்றுவிட்டாள். மைக்கில் வலது பக்கம் திரும்பச் சொன்னார்கள். இருவரும் திரும்பினார்கள். கையைத் தூக்கி மடக்கச் சொன்னார்கள். இருவரும் மடக்கினார்கள். சும்மா நில் என்று சொன்னாலும் உடம்பை முறுக்கிக்கொண்டுதான் நிற்க வேண்டும் என்பது விதி, மேடைப் பயத்தில் அதையும் உங்கள் தங்கை பிசகாமல் செய்தாள். நம்பர் இல்லாத போட்டியாளர் யார் என்று கேட்டு இறக்கிவிடுவதற்குள் அவளுக்குத் தோள்பட்டைக்கு மார்க் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் நான் எதிர்த்துப் பேசுவதில்லை.

வாசனை பூசி வந்து மற்றவர்களைக் கெடுத்துவிட்டாள் என்று வேறொரு பிள்ளைக்குப் பயிற்சி கொடுத்த மாஸ்டர் புகார் கொடுத்தார். நடுவர்கள் விதிமுறைத் தாளைப் புரட்டினார்கள். எண்ணெய் கூடாது, செருப்பு கூடாது, கண்ணாடி கூடாது, வாயில் எதையும் மெல்லக் கூடாது. வாசம் கூடாது என்று எங்கேயும் இல்லை. தலைமை நடுவர் மேடைக்கு வந்து பொன்னுமணியின் முழங்கையருகே குனிந்து மூச்சை இழுத்துவிட்டு, என்னைத் தேடிப் பார்த்து, "எத்தனை எம்.எம்.?" என்றார். அவரும் மளிகை மொத்த வியாபாரக் குடும்பமாம், ஏலக்காயின் பருமனை எம்.எம். கணக்கில் கேட்டுத்தான் தரம் பார்ப்பார்கள். "எட்டுக்கு மேலே, நயம் பச்சை" என்றேன். முதல் பரிசு பொன்னுமணிக்கு. அப்போது எடுத்த போட்டோதான் தாங்கள் பார்த்தது.

மச்சான், ஒன்று மட்டும் தங்கச்சியிடம் அழுத்திச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் நான் துண்டால் முகத்தை மூடி, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். கூட்டமே கைதட்டியபோதும் நான் கைதட்டவில்லை. மானமுள்ள தகப்பன் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தேன். வீட்டுக்கு வந்ததும், இனி இந்தப் பேச்சே கூடாது என்று கண்டித்துச் சொன்னேன். பொன்னுமணியும் சரி என்று தலையாட்டிவிட்டாள். தங்கள் வீட்டுக்கு வருவது பழைய பொன்னுமணிதான். ஆகையால் சம்பந்தத்தைக் கைவிடாமல் காப்பாற்றும்படி இரு கையும் கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். மாப்பிள்ளைக்கு என் ஆசி. தங்கச்சிக்கு என் வணக்கம், அவர் கோபத்துக்குத் தனியாக ஒரு வணக்கம். தங்கள் மாடு கன்றுக்கும் மிச்சமிருக்கிற தென்னைகளுக்கும் போடி சுப்பிரமணிய சுவாமி துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்
சீனிச்சாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தேன், வாசலில் தங்கச்சி ஆயம்மாள் வந்து நிற்கிறார். முதல் பஸ்சில் வந்திருக்கிறார். தங்களிடம் சொல்லிவிட்டு வந்தாரா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. குருவம்மாள் "வாங்க மதினி" என்று சொல்லி முடிப்பதற்குள் நேரே என்னிடம் வந்தார். என் கையிலிருந்த கடிதத்தை வாங்கி, நின்றபடியே கடைசிவரை படித்தார். "எங்க என் மருமக?" என்றார். பொன்னுமணி வந்தாள். "கைய மடக்கு ஆத்தா." மடக்கினாள். தங்கச்சி அழுத்திப் பார்த்தார், பொன்னுமணி கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏண்ணே, ஊரு பூராம் என் மருமக மேடையில நிக்கிறதப் பாத்திருக்கு. எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டீகளா? வந்து முன்வரிசையில உக்காந்திருக்க மாட்டேன்? அந்தக் கோவத்துலதான் நான் யாரோடயும் பேசல. அது கிடக்கட்டும். பெத்த புள்ள ஜெயிச்சு நிக்கிறா, கையத் தட்டலன்னு பெருமையா எழுதியிருக்கீகளே? இப்படிப்பட்ட வீட்ல நான் எப்படிண்ணே சம்பந்தம் வைக்கிறது?"

பொன்னுமணி என்னைப் பார்த்து, "நெசமாவே தட்டலையாப்பா?" என்றாள். மேடை விளக்கு கண்ணில் அடித்ததில் அவளுக்குக் கூட்டம் தெரியவில்லையாம், கைதட்டல் சத்தத்தில் யார் குரலும் கேட்கவில்லையாம். அந்த முகத்தைப் பார்த்த பிறகு என்னால் மறைக்க முடியவில்லை.

மச்சான், மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். நான் கைதட்டினேன். நாற்காலி மேல் ஏறி நின்று தட்டினேன். நாற்காலி உடைந்தது, கீழே கிடந்தும் தட்டினேன். "அது என் மக, அது என் மக" என்று தொண்டை கட்டுகிறவரை கத்தினேன். தங்களுக்குப் பிடிக்காதோ என்ற பயத்தில்தான் மாற்றி எழுதினேன். அவள் சரி என்று தலையாட்டியதும் அப்படித்தான், அப்போது அவள் கழுத்துக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். அடுத்த போட்டி தையில் எர்ணாகுளத்தில். கல்யாணத்தை வைகாசிக்குத் தள்ளியாகிவிட்டது என்று தங்களுக்குத் தெரிவிக்கச் சொல்கிறார் தங்கச்சி.

ஆனால் நான் தட்டினேன் என்பதை அவர் இன்னும் நம்பவில்லை. கூடத்துக்கு நடுவில் நாற்காலி போட்டாகிவிட்டது. அன்றைக்குத் தட்டினபடியே ஏறி நின்று தட்டிக் காட்டினால்தான் சம்பந்தம் என்கிறார். பொன்னுமணி எதிரில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். இத்துடன் நிறுத்துகிறேன் மச்சான், எனக்கு இரண்டு கையும் வேண்டியிருக்கிறது.