பயம் டாக்டரும் என் இருதயமும்

திருப்பூரிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி யார் என்று கேட்டால், யோசிக்காமல் பயம் டாக்டர் என்பேன். மாவட்டம் முழுக்கத் தேடினாலும் அவருக்கு இணையாக இன்னொருவர் கிடைக்கமாட்டார். கிடைத்தாலும், அந்த ஆளைப் பார்த்து நம் டாக்டர் பயந்து ஓடிவிடுவார்.

அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. தாராபுரம் ரோட்டில் இருந்த அந்த ஆஸ்பத்திரியில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. இருதயத்தை எக்கோ ஸ்கேனில் பார்ப்பது அவர் வேலை. எக்கோ அறை மூன்றாவது மாடியில். லிஃப்ட் நடுவில் நின்றுவிடும் என்று படியேறித்தான் வருவார். வழுக்கிவிடும் என்று கைப்பிடியை விடமாட்டார். கைப்பிடியில் கிருமி இருக்கும் என்று மேலே வந்ததும் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவுவார்.

இந்த மனிதரிடம்தான் என் உயிரையும், என் வயிற்றில் இருந்த உயிரையும் ஒப்படைக்க வேண்டி வந்தது.

எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையருக்கும் நம் தையல் செக்‌ஷனுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை. ஒரு நாள் காலை, சாம்பிள் அறையில் நின்றவள் அப்படியே விழுந்துவிட்டேன். மாசமாக இருப்பவளுக்கு மயக்கம் சகஜம் என்று எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார்கள். மறுநாளும் விழுந்தேன். ஆஸ்பத்திரியில் நாடி பிடித்த நர்ஸ், தன் கைக்கடிகாரத்தைச் சந்தேகப்பட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மறுபடி எண்ணினார். நிமிடத்துக்கு முப்பத்து நான்கு.

இருதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு போகும் வழி அடைபட்டுவிட்டது, பேஸ்மேக்கர் வைத்தே ஆகவேண்டும் என்றார் பெரிய டாக்டரம்மா. தோள்பட்டைக்குக் கீழே ரத்தக்குழாய் வழியாக மெல்லிய ஒயர் ஒன்றை இருதயத்துக்குள் அனுப்ப வேண்டும். வழக்கமாக எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே அனுப்புவார்களாம். குழந்தை இருப்பதால் எக்ஸ்ரே வேண்டாம், எக்கோவில் பார்த்துச் செய்யலாம் என்றார்.

என் வீட்டுக்காரர் நிட்டிங் மெஷின் ஃபிட்டர். கண்ணால் பார்க்காமல் எதையும் நம்பாதவர்.

"ஏனுங்க டாக்டரம்மா, எக்கோவுல ஒயரு நல்லாத் தெரியுமுங்களா?"

டாக்டரம்மா பதில் சொல்வதற்குள் கதவோரம் நின்றிருந்த பயம் டாக்டர் சொன்னார்: "சில சமயம் தெரியாதுங்க."

என் வீட்டுக்காரர் நாற்காலியைத் தடவிக் கண்டுபிடித்து உட்கார்ந்தார்.

"ஒயரு தெரியும், நுனி வேற எங்கியாச்சும் இருக்கும். நுனி ரொம்ப அழுத்துச்சுன்னா இருதயச் சுவத்துல ஓட்டை உழுந்துரும். சுத்தியும் ரத்தம் கட்டிக்கும்..."

"டாக்டர், போதுமே," என்றார் டாக்டரம்மா.

"இன்னும் நாலு இருக்குதுங்க," என்றார் பயம் டாக்டர்.

மதியம் தனியாக என் கட்டிலுக்கு வந்தார்.

"அம்மிணி, பயமா இருக்குதுங்களா?"

"ரொம்பங்க."

"எனக்குந்தானுங்க. காலையில இருந்து சோறு எறங்கலீங்க."

கேட்டதும் நான் அலறியிருக்க வேண்டும். ஆனால் அதுவரை வந்தவர்கள் எல்லாரும் "ஒண்ணும் ஆகாது கண்ணு" என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தார்கள். இவர் ஒருவர்தான் என் முகத்தைப் பார்த்துப் பயந்தார். அவர் போன பிறகு, இரண்டு நாளில் முதல் முறையாகக் கொஞ்சம் தூங்கினேன்.

மறுநாள் காலை ஆபரேஷன் அறையில், முதல் எக்கோ மெஷின் நின்றுபோனால் என்ன செய்வது என்று இரண்டாவது ஒன்றைக் கீழ்மாடியிலிருந்து தூக்கி வர வைத்திருந்தார். அதுவும் நின்றுபோனால்? பேட்டரியில் ஓடும் சின்னது ஒன்று தயாராக இருந்தது. என் தலைக்கு மேல் தொங்கிய விளக்கை ஆட்டிப் பார்த்துவிட்டு, அதற்கும் இரண்டு தடவை கை கழுவினார். சொல்லிவிடுகிறேன், அன்று கரண்ட் போகவே இல்லை.

மரத்துப்போக ஊசி மட்டும் போட்டார்கள். எனக்கு முழு நினைவு இருந்தது. நெஞ்சில் சில்லென்று ஜெல்லைத் தடவி, எக்கோ கருவியை வைத்தார். அப்போதுதான் கவனித்தேன். உதடு நடுங்கியது, குரல் நடுங்கியது. கை நடுங்கவில்லை.

டாக்டரம்மா ஒயரை மெல்ல உள்ளே தள்ள, இவர் திரையைப் பார்த்தபடி அந்த ஒயரோடு பேச ஆரம்பித்தார்.

"வாங்க... வாங்க... மேலறைக்கு வந்துட்டீங்க. அப்படியே வால்வத் தாண்டி வரோணும்... அட, அக்கட்டால போகாதீங்க! டாக்டரம்மா, நிறுத்துங்க! நுனியக் காணோமுங்க!"

டாக்டரம்மா ஒயரை அப்படியே பிடித்துக்கொண்டார். மானிட்டரில் ஒரு பீப் கேட்டது. அடுத்த பீப்புக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. காது அடைத்தது. திரையின் ஓரங்கள் இருட்டின. வயிற்றில் குழந்தை அசைகிறதா என்று தேடினேன், அதுவும் தெரியவில்லை. போய்விட்டோம் என்றே நினைத்தேன்.

பீப்.

"பயப்படாதீங்கம்மிணி, அதுக்கு நான் இருக்கறனுங்க," என்றார் அவர். கருவியை விலா எலும்புக்குக் கீழே நகர்த்திச் சாய்த்துப் பிடித்தார். "கெடச்சுட்டாருங்க! ஈரல் பக்கம் எறங்கிப் போயிட்டாரு. பின்னால இழுங்க."

இழுத்து மறுபடி அனுப்பினார்கள். இந்த முறை ஒயர் வால்வைத் தாண்டியது. "இன்னும் ஒரு நூல்... அரை நூல்... போதும், போதும், போதுமுங்க!" நுனியைச் சுவரில் பதித்து, பேஸ்மேக்கரை மாட்டினார்கள். பீப், பீப், பீப் என்று வரிசையாக, எழுபது. ஜில்லிட்டுக் கிடந்த என் பாதங்களில் சூடு ஏறியது.

எல்லாரும் கையுறையைக் கழற்றினார்கள். இவர் மட்டும் கருவியை எடுக்கவில்லை. "ரத்தம் கசியுதான்னு பாக்கோணுமுங்க." சாயங்காலம் வரை அரை மணிக்கு ஒரு தடவை வந்து பார்த்தார். கடைசியில், தன் வேலை இல்லை என்றாலும், கருவியை வயிற்றில் வைத்தார். திரையில் சின்னதாக ஒன்று படபடவென்று துடித்தது.

"இவரு நல்லா ஓடறாருங்க," என்று முதல் முறையாகச் சிரித்தார். உடனே முகம் மாறியது. "ரொம்ப வேகமா ஓடறாரோ?" பிரசவ டாக்டரை அழைக்கப் படியில் இறங்கி ஓடினார். வயிற்றுப் பிள்ளைக்கு அந்த வேகம்தான் சரி என்று அவருக்குத் தெரியாதா என்ன? இன்னொருவர் வாயால் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த 'இவரு' இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பயம் டாக்டர் ஓய்வு பெற்று, ஆற்றங்கரை ஊரான கொமரலிங்கத்துக்குப் போய்விட்டார். வெள்ளம் வந்துவிடும் என்று ஆற்றிலிருந்து இரண்டு மைல் தள்ளி வீடு பார்த்திருக்கிறார்.

வருடா வருடம் பேஸ்மேக்கரைப் பரிசோதிக்கப் போகிறேன். இப்போது இருப்பவர் இளைஞர், கெட்டிக்காரர். பத்தே நிமிடத்தில் "எல்லாம் பெர்ஃபெக்ட், பயமே வேண்டாம்" என்று அனுப்பிவிடுகிறார். நான் கீழே வந்து, ஸ்கூட்டரில் சாய்ந்து நின்று, கொமரலிங்கத்துக்குப் போன் போடுகிறேன்.

"தலை சுத்துதுங்களா? கால் வீங்குதுங்களா? படியேறுனா மூச்சு வாங்குதுங்களா? நெசமாத்தான் சொல்றீங்களா அம்மிணி?"

அவர் எனக்காகப் பயந்து முடிக்கும்வரை நான் வண்டியை எடுப்பதில்லை.